நீதானே கையெழுத்துப் போட்டே

1

சென்ற சனிக்கிழமை என் மகள் என்னை மேடையில் ஆடினாள். என்னையேதான். மெல்பர்னில் எங்கள் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு நான் மின்சாரக் கம்பெனிக்குப் போன் செய்வதை எட்டு மாணவர்கள் சேர்ந்து இருபது நிமிடம் ஆடினார்கள். அரங்கம் நிறைய ஆட்கள், நல்ல சிரிப்பு.

அனு இங்கே பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். நடனம் அவள் பாடமில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் தொழில்முறை நடன அமைப்பாளர் ஒருவரைப் பல்கலைக்கழகம் அழைத்துவருகிறது. அவர் எந்தப் பாடம் படிக்கும் மாணவர்களானாலும் சேர்த்துக்கொண்டு, ஒரு பருவம் முழுக்க வேலை செய்து, புதிதாக ஒரு நடனம் உருவாக்குவார். இந்த முறை அனுவும் சேர்ந்திருந்தாள். என்ன ஆடுகிறீர்கள் என்று கேட்டபோதெல்லாம் "பார்த்துக்கோம்மா, சர்ப்ரைஸ்" என்றாள். நானும் பெருமையாக, ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் ஹெலனையும் கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

நான் போன் பேசும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் ஊருக்கே தெரிந்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. நேரில் ஆங்கிலம் பேசுவேன், தேவைப்பட்டால் சண்டையும் போடுவேன். முகம் தெரியாத குரலோடு பேசுவதுதான் இன்றுவரை பயம். அதனால் எந்த ஆபீசுக்குப் போன் செய்வதானாலும், சொல்ல வேண்டியதை ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கம் எழுதிக்கொள்வேன். பிறகு எழுந்து நிற்பேன். உட்கார்ந்தபடி அதிகாரியிடம் பேச எனக்கு வராது. துப்பட்டாவை இழுத்துவிட்டு, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் எண்ணை அழுத்துவேன். காத்திருக்கச் சொல்லி பாட்டு போடுவார்களே, அது முடிகிறவரைக்கும் நின்றேதான் இருப்பேன். கடைசியில், எதிரில் பேசியவர் பெண்ணாக இருந்தாலும் "தேங்க் யூ சார்" என்று வாயில் வந்துவிடும்.

மேடையில் எட்டுப் பேர் கையில் உறையோடு எழுந்து நின்றார்கள். இல்லாத துப்பட்டாவை இழுத்துவிட்டார்கள். முடியை ஒதுக்கினார்கள். ஒரு நெட்டைப் பையன் இல்லாத போனுக்குக் குனிந்து கும்பிடாத குறையாக "தேங்க் யூ சார்" என்றான். அரங்கம் குலுங்கியது. ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை, அந்த எட்டுப் பேர் ஆடியது யாரை என்று அவளுக்குத் தெரியாது. நிகழ்ச்சி முடிந்து விளக்கு வந்ததும், கையிலிருந்த நிகழ்ச்சிக் குறிப்புத் தாளின் கடைசியில் "அனுவின் அம்மாவுக்கு நன்றி" என்று படித்தவள் என் பக்கம் ஒரு முறை திரும்பிவிட்டு, தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வரும்போது அனுதான் கார் ஓட்டினாள். பாதி வழியில் கேட்டேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டேனேம்மா. நீதானே கையெழுத்துப் போட்டே."

போட்டிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால், குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருந்தபோது, அவள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஈரக் கையை நைட்டியில் துடைத்துவிட்டு விரலால் கிறுக்கினேன். வேறொருவருடைய வாழ்க்கையிலிருந்து அசைவை எடுத்தால் அவரிடம் சம்மதம் வாங்கவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் விதியாம். நல்ல விதிதான். ஆனால் இங்கே பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், நாம் போடும் கையெழுத்துக்குக் கணக்கே கிடையாது. நீச்சலுக்கு ஒன்று, சுற்றுலாவுக்கு ஒன்று, போட்டோ எடுக்க ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று. மூன்றாம் வகுப்பிலிருந்தே அந்தப் படிவங்களை அனுதான் எனக்குப் படித்து விளக்கினாள். அப்போதே நான் படிப்பதை விட்டுவிட்டேன். அவள் நீட்டுவாள், நான் போடுவேன்.

இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. கோபம் அனு மேல் மட்டும் இல்லை. அவள் சொன்ன அந்த வாக்கியத்தை முப்பது வருடத்துக்கு முன்னால், தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில், நான் சொல்லியிருக்கிறேன்.

2

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை கதவடைப்பில் இருந்தது. அவர் காலையில் பேப்பர் படிப்பதும் மாலையில் யூனியன் கூட்டத்துக்குப் போவதுமாக இருந்தார். அம்மாதான் வேலைக்குப் போனாள். எங்கள் காலனியில் டீச்சர், பேங்க் கிளார்க், தாலுகா ஆபீஸ் என்று எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். அம்மா காலையில் நல்ல புடவை கட்டி, தோல் பை மாட்டிக்கொண்டு, அவர்களோடுதான் பஸ் ஏறுவாள். யாராவது கேட்டால் "எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல இருக்கேன்" என்பாள். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பொத்தான் சரிபார்க்கும் வேலை. ஆபீசும் அதே வளாகத்தில்தான் இருந்தது என்பதால் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அந்த வருடம் கல்லூரிக்குத் தாரா அக்கா வந்தார். பரதம் கற்று, பிறகு ஐரோப்பாவில் சில வருடம் நவீன நடனம் பயின்று திரும்பியவர். பருத்தி பேண்ட், ஜிப்பா, மொபெட். நாங்கள் எட்டு மாணவிகள் பெயர் கொடுத்தோம். பாட்டு போட்டு ஸ்டெப் சொல்லித் தருவார் என்று நினைத்துப் போனோம். அவர் தரையில் உட்காரச் சொல்லி ஒரு நோட்டைத் திறந்தார்.

அவர் வேலை செய்த முறை அதுவரை நாங்கள் கேள்விப்படாதது. வீட்டிலும் ரோட்டிலும் யாரோ ஒருவர் தினமும் செய்யும் ஒரு வேலையைப் பார்த்து வரவேண்டும். கதை வேண்டாம், முகபாவம் வேண்டாம். கை எங்கே போனது, கால் எங்கே நின்றது, அவ்வளவுதான். யார் கொண்டுவந்ததோ அவர் பெயரில் நோட்டில் எழுதிக்கொள்வார். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஸ்டெல்லா, ஓடும் ரயிலில் கூடையை முதலில் ஏற்றிவிட்டுப் பின்னால் ஏறும் பூக்காரியைக் கொண்டுவந்தாள். அது 'ஸ்டெல்லா ஒன்று'. நான் கொண்டுபோனதையெல்லாம் அக்கா தள்ளிவிட்டார்.

"இது நடிப்பு, கௌரி. நீ இன்னும் பாக்கல. பாத்துட்டு வா."

மூன்று வாரம் என் பெயருக்கு நேரே நோட்டில் எதுவும் இல்லை. மற்ற ஏழு பேருக்கும் இருந்தது. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது, தூக்கம்கூட வரவில்லை.

3

ஒரு நாள் மாலை திடீரென்று மழை பிடித்தது. அம்மா குடை எடுத்துப் போகவில்லை. கல்லூரியிலிருந்து நேராகக் குடையோடு கம்பெனிக்குப் போனேன். அதற்கு முன்னால் நான் அங்கே போனதில்லை, வரவேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன்.

சங்கு ஊதியதும் கேட்டுக்கு உள்ளே பெண்கள் வரிசையில் நின்றார்கள். காக்கிப் புடவை கட்டிய ஒரு அம்மாள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து வெளியே விட்டாள். நூல்கண்டும் பொத்தானும் வெளியே போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. என் அம்மாவின் முறை வந்தது. இரண்டு கையையும் தூக்கினாள். ஒரு சுற்று திரும்பினாள். கொண்டையை அவிழ்த்துத் தலையை முன்னால் கவிழ்த்து உதறினாள். அம்மாவுக்கு முழங்கால் வரை முடி. காலனியில் அதைப் பற்றிப் பேசாதவர் கிடையாது.

"டப்பாவ நல்லா கவுத்துக் காட்டு, சரோஜாக்கா. மழ வந்துகினு கீது, சீக்கிரம்" என்றாள் காக்கிப் புடவைக்காரி.

அம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டு தட்டினாள். எல்லாவற்றையும் பின்னால் நின்றவளோடு பேசிக்கொண்டே செய்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடந்துகொண்டே முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டாள்.

நான் பஸ் ஸ்டாப் மறைவில் நகர்ந்து நின்று, அவள் ரோட்டைக் கடந்து வந்த பிறகு, அப்போதுதான் வந்ததுபோலக் குடையை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "எப்ப வந்தே?" என்றாள். "இப்பத்தான்" என்றேன். அவளுக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, மறுநாள் மாலையே போய் அந்த அசைவை அக்காவிடம் கொடுத்தேன்.

செய்து காட்டியதும் அக்கா தரையிலிருந்து எழுந்துவிட்டார். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும். பிறகு நோட்டில் எழுதினார், 'கௌரி ஒன்று'. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

4

நடனம் முழுக்க அதைச் சுற்றியே வளர்ந்தது. எட்டுப் பேரும் கையைத் தூக்கித் திரும்புவோம், வேகம் கூடும், மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள், கடைசியில் நான் மட்டும் முடியை அவிழ்த்து உதறி டப்பாவைத் தட்டுவேன். இசை கிடையாது, அந்தத் தட்டல் மட்டும்தான். நிஜ டப்பா வேண்டும் என்றார் அக்கா. அம்மாவின் எவர்சில்வர் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அடியில் புள்ளி புள்ளியாக 'கே. சரோஜா' என்று பெயர் வெட்டியது. அவள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரம்.

வெளிநிகழ்ச்சி என்பதால் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டார்கள். அம்மா தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். என்ன டான்ஸ் என்று கேட்டாள். குரூப் டான்ஸ், மாடர்ன் என்றேன். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அடுப்பு மேடையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

நிகழ்ச்சியன்று ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்திருந்தாள். அரக்குப் புடவை. பக்கத்தில் எதிர்வீட்டு டீச்சரும் காலனியில் இன்னும் இரண்டு பேரும். என் மகள் ஆடுகிறாள் என்று அம்மாவே அழைத்து வந்தது.

நன்றாகத்தான் ஆடினேன். இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். முடிந்ததும் கைதட்டல். தாரா அக்கா மைக்கைப் பிடித்தார். இந்த மாணவிகள் எங்கிருந்தோ கடன் வாங்கி ஆடவில்லை, தங்கள் வீட்டிலிருந்து எடுத்து ஆடினார்கள் என்று தொடங்கினார். பிறகு சொன்னார்:

"நீங்க கடைசியா பாத்தது, கௌரியோட அம்மா தெனமும் சாயங்காலம் கம்பெனி கேட்ல செய்யறது. அந்த அம்மா இங்க வந்திருக்காங்க. எழுந்து நில்லுங்கம்மா."

அம்மா எழுந்து நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் கையை லேசாகத் தூக்கி, பாதியில் நிறுத்தி, கும்பிட்டாள். எல்லோரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். டீச்சரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்து புடவை மாற்றிவிட்டு அம்மா முதலில் டப்பாவைக் கேட்டாள். அடுத்த நிகழ்ச்சிக்காக அக்காவிடம் இருக்கிறது என்றேன். அப்புறம் கேட்டாள்:

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

மேடையிலிருந்து இறங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்காது. எனக்கு இன்னும் கைதட்டல் காதில் இருந்தது. இவள் ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்று எரிச்சல் வந்தது.

"நீதானேம்மா கையெழுத்துப் போட்டே."

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என் வேலை ஒன்று உண்டு. அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவாள், பின்பக்கப் படியில் உட்காருவாள், நான் அந்த முடியைத் துவட்டிச் சிக்கெடுப்பேன். வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் நிதானமாகப் பேசுவது அப்போதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குளித்துவிட்டு நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சீப்போடு வெளியே நின்றேன். கொண்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்குப் பிறகு என் முன்னால் அவள் தலையை அவிழ்த்ததே இல்லை.

5

எனக்கு அப்போது அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. ஐரோப்பாவில் ஒரு விழாவுக்கு இந்த நடனத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். "நீங்க எட்டு பேரும்தான் என் கம்பெனி. நீங்க இல்லாம இது கிடையாது" என்றார். எட்டுப் பேரும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். போலீஸ்காரர் வீட்டுக்கு விசாரிக்க வந்தபோது அப்பாவுக்குச் சட்டை போடக்கூட நேரமில்லை. அம்மா காபி கொடுத்து, எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டாள். பாஸ்போர்ட் வந்த அன்று நான் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தேன்.

அக்கா மெதுவாக வருவதை நிறுத்தினார். பரீட்சை வருகிறது, படியுங்கள் என்றார். விசாவில் ஏதோ சிக்கல் என்றார். ஒரு நாள் ஸ்டெல்லா அடையாறில் யாரோ கொடுத்ததாக வழவழப்பான ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தாள். விழா முடிந்தே போயிருந்தது. போட்டோவில் எனக்குத் தெரியாத ஒருத்தி, நகரத்துத் தொழில்முறை நடனக்காரி, முடியை அவிழ்த்து டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். கருத்து, அசைவு, அமைப்பு எல்லாம் தாரா என்று போட்டிருந்தது. எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் பெயரும் இல்லை. உற்றுப் பார்த்தால் டப்பாவின் அடியில் மட்டும் புள்ளி புள்ளியாக 'கே. சரோஜா' தெரிந்தது.

மொபெட் நிற்கிறதா என்று ஒரு வாரம் கல்லூரி வாசலில் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "அங்க ப்ரொஃபஷனல்ஸ்தான் கேக்கறாங்கம்மா, நான் என்ன செய்ய?" என்று ஜூஸ் கொடுத்து அனுப்பினார். டப்பாவைக் கேட்க வாய் வரவில்லை. துரோகம் என்ற சொல்லைப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். அன்று தாம்பரம் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அம்மா முன்னால் விசிறினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் அசைவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், என்னுடையதை யாரோ ஆடிவிட்டு வந்திருக்கிறார்கள், நோட்டில்கூட என் பெயரில்தான் இருந்தது என்று அழுதேன், கத்தினேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"உன்னுதா அது?"

தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே வரவில்லை.

6

அந்த பாஸ்போர்ட் வீணாகவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், காலாவதியாகும் முன், அதில்தான் விசா குத்திக்கொண்டு கணவரோடு இங்கே வந்தேன். விமான நிலையத்தில் சோதனைக்குக் கையைத் தூக்கச் சொன்னபோது எனக்கு யார் நினைவு வந்தது என்று எழுதவேண்டியதில்லை. தாரா அக்கா மேல் உள்ள கோபம் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆறவேண்டும் என்று ஆசையுமில்லை. ஆனால் முப்பது வருடமாக அந்தக் கோபத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு வசதி இருந்தது, அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் அம்மாவைத் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓடினேன். பத்து நாள் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சி ஊட்டினேன், முதுகு துடைத்தேன், எல்லாவற்றுக்கும் என்னை விட்டாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒரு நர்ஸ் வந்து, முடியெல்லாம் சிக்குப் பிடித்திருக்கிறது, பிரித்து வாரிவிடுகிறேன் என்றாள். நான் சீப்பைக் கேட்டுக் கை நீட்டினேன்.

"கௌரி, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். வராந்தாவில் நின்று, நர்ஸ் வெளியே வரும்வரை எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த பார்வையாளர் நேரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் மெல்பர்ன் திரும்புவதற்குள்ளேயே அம்மா போய்விட்டாள்.

இதையெல்லாம் அனுவிடம் சொல்லலாம். அவளுக்குத் தமிழ் புரியும், பாதிக்கு மேல் புரியும். சொன்னால் கண் கலங்குவாள், "ஓ அம்மா" என்று கட்டிக்கொள்வாள். அடுத்த பருவம் அதையும் ஆட எடுத்துக்கொண்டு போகமாட்டாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் மகளைப் பற்றி இப்படி எழுத எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் அதுதான் உண்மை. நான் போன அதே வழிதானே அது.

நேற்று தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு தவறு. போன் செய்தாக வேண்டும். அனு ஹாலில் படித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிய உறையை எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எழுந்து நிற்க வேண்டிய அவசியமில்லை, அங்கே நாற்காலியே கிடையாது. துப்பட்டாவை இழுத்துவிட்டேன். முடியை ஒதுக்கினேன். மெதுவாக ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவில் தட்டல் கேட்டது.

"அம்மா, உள்ள என்ன பண்றே? வரட்டுமா?"

குரலில் பயம் இருந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு நான் அவளோடு சரியாகப் பேசவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். என் கை கைப்பிடி மேல்தான் இருந்தது.

"நீ கொஞ்சம் வெளிய இரு" என்றேன்.